கை உயரும் வரை

வேலையிலிருந்து நின்ற பிறகும் விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து செய்ய ஒன்றுமில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் ரயில்வே லைன் பக்கம் தொழுகைக்கு அழைக்கும் ஒரு பாங்கு கிளம்பும். அது பாதி வருவதற்குள் சந்தைப் பக்கத்தில் இன்னொன்று சேரும். பிறகு எது எந்தப் பள்ளிவாசல் என்று பிரிக்க முடியாதபடி பேகம்பூர் முழுக்கக் காற்றே பாங்காகிவிடும். அந்தக் கலவைக்குள் எங்கோ என் குரலும் கேட்கிறது. நான்தான் சொல்கிறேனா, வேறு யாராவது என் குரலில் சொல்கிறார்களா என்று புரியாமல் சற்று நேரம் கிடப்பேன். "என்னங்க, உதடு அசையுது, தூங்குறீங்களா ஓதுறீங்களா?" என்று என் வீட்டுக்காரி கேட்பாள். எனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வது?

போன மாதம் எங்கள் பள்ளிவாசலில் சுற்றுவட்டார மோதினார்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். மோதினார் என்றால் பாங்கு சொல்கிறவர். பள்ளியைத் திறப்பது, பாயை உதறுவது, கை கால் கழுவும் ஹவுள் தொட்டியில் தண்ணீர் பார்ப்பது, மஹல்லாத் தெருக்களில் யாராவது மவுத்தாகிவிட்டால் அந்தச் சாவை அறிவிப்பது, எல்லாம் அவர் தலையில்தான். இப்போது சுவரில் சிவப்பு எழுத்தில் தொழுகை வக்து காட்டும் கடிகாரம் வந்துவிட்டது. சட்டையில் குத்திக்கொள்ளும் மைக் வந்துவிட்டது. அதையெல்லாம் எப்படிக் கையாள்வது என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த புது மோதினார் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, தொழுகை நடந்துட்டு இருக்கறப்ப மைக்கு நின்னு போச்சுன்னா பின்னாடி இருக்கறவங்களுக்கு எப்படிங்க கேக்கும்?"

"இன்வெர்ட்டர் எதுக்கு இருக்கு?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் கண் முன்னால் ஒரு முதுகு வந்து நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட, வியர்வையில் நனைந்த ஒரு முதுகு. அதற்கப்புறம் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. டீயும் கேக்கும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் புது மோதினாருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பெற்ற அத்தா குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுத்தோல் வாங்கித் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கொண்டுவந்து போடுகிறவர். தோலோடு தோலாக நானும் ஒரு நாள் வண்டியில் வந்து இறங்கினேன். ஷாப்பு வேலை எனக்குச் சரிப்படவில்லை. சுண்ணாம்புத் தொட்டி வாடையில் மயங்கி விழுந்தேன். தூக்கிக்கொண்டு வந்து பள்ளிவாசல் ஹவுள் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். கண்ணைத் திறந்தால் பச்சை நிறத் தண்ணீர், அதில் ஆடும் வேப்பிலை நிழல், யாரோ மெல்ல ஓதும் சத்தம். எழுந்து போக மனமில்லை. அப்படியே தங்கிவிட்டேன்.

பழைய மோதினார் எனக்கு வேலை பழக்கினார். அவர் சொன்னதில் இரண்டு எனக்கு எலும்பில் ஏறியிருக்கின்றன. ஒன்று, 'அக்பர்' என்பதில் 'ப'வை இழுக்கக் கூடாது. 'அக்பார்' என்று இழுத்தால் பொருள் மாறி மேளம் என்று அர்த்தமாகிவிடும். இரண்டாவது தக்பீர் எடுத்துச் சொல்வது. பெருநாள் மைதானத்திலும் இடுகாடான மையவாடியிலும் அந்தக் காலத்தில் மைக் கிடையாது. இமாம் சொல்லும் 'அல்லாஹு அக்பர்' முதல் வரிசையைத் தாண்டாது. அவர் பின்னால் நிற்கும் மோதினார் அதை வாங்கி உரக்கச் சொல்ல வேண்டும். அந்தக் குரலை வைத்துத்தான் பின்னால் இருக்கும் கூட்டம் குனிந்து நிமிரும். இமாம் சொன்ன பிறகே மோதினார் சொல்ல வேண்டும். முந்தினால் தொழுகை கெட்டுவிடும். ஆகவே முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்காதே என்பார்.

அந்த முதுகு எனக்கு நெடுங்காலம் எங்கள் பள்ளி இமாம் ஹஜ்ரத்துடைய முதுகாகத்தான் இருந்தது. வேலூர்ப் பக்கம் ஓதிவிட்டு வந்தவர். ஒல்லியான ஆள். கோபம் வந்தாலும் சத்தம் வராது. யாராவது மார்க்கச் சந்தேகம் கேட்டு வந்தால் உடனே பதில் சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துண்டு நுனியில் துடைப்பார். துடைத்துக்கொண்டே, "சாப்ட்டியா?" என்று கேட்பார். இல்லை என்றால் முதலில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார். தலாக் சொல்லத் துணிந்து வந்தவர்கள்கூடச் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வராமல் இருந்ததுண்டு. ஃபத்வா கொடுப்பதைவிடப் பசி ஆற்றுவதில் இவர் கெட்டிக்காரர் என்று பள்ளி நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி கிண்டல் செய்வார். தொழவைக்கும்போது ஹஜ்ரத் தக்பீருக்கு முன்னால் தோளை லேசாக இறக்குவார். எனக்கு அது போதும். பழகிய மாட்டுக்கு வண்டிக்காரன் மூச்சு புரிவது மாதிரி எனக்கு அவர் தோள் புரியும்.

இப்படிப்பட்டவர் ஒரு காலத்தில் ஊரையே கலக்கியவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் வருவதற்கு முன்னால் எங்கள் தர்கா கந்தூரி விழாவில் மேளதாளம், வாணவேடிக்கை, யானை எல்லாம் உண்டு. இளவயது ஹஜ்ரத் மிம்பரில் ஏறி, மேளம் அடிப்பது மார்க்கத்தில் இல்லை, நிறுத்துங்கள் என்று பயான் செய்திருக்கிறார். கல்யாணத்தில் பெண் வீட்டாரைக் கசக்கிப் பிழிவதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "வஹ்ஹாபி வந்துட்டான்" என்று சொல்லி அவர் செருப்பை ஹவுளுக்குள் வீசினார்களாம். பிறகு மேளம் நின்றது. நபி புகழ் பாடும் மௌலூது ஓதுவதும், இறந்தவர்களுக்காக ஃபாத்திஹா ஓதி நெய்ச்சோறு கொடுப்பதும் நிற்கவில்லை. அவற்றில் அவருக்குப் பிரியம் இருந்தது. அவர் மௌலூது ஓதினால் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குக் கண் சொருகும். அது தூக்கமா வேறு எதுவுமா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்து வந்தவர்கள் படுக்கையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போகிறவர்கள். பள்ளியில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, வீடு வீடாகப் போய்த் தொழ அழைப்பார்கள். சண்டை போடமாட்டார்கள். எங்கள் பள்ளியில் அவர்கள் வருகைக்குப் பிறகுதான் சுபுஹுக்கு இரண்டாவது வரிசை சேர்ந்தது. எனக்குப் பாய் உதறும் வேலையும் கூடியது.

அதற்கப்புறம் கேசட் வந்தது. வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் டேப் ரெக்கார்டரோடு கேசட்டுகளும் வந்தன. குர்ஆனிலும் ஹதீஸிலும் இருப்பதை மட்டும் செய், மற்றதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது, தர்காவுக்குப் போகாதே, மௌலூது ஓதாதே, மத்ஹபு என்று ஒரு இமாமைக் கட்டிக்கொண்டு அழாதே என்று அதில் பேசினார்கள். வாதத்துக்கு வாதம், ஆதாரத்துக்கு ஆதாரம். படித்த பிள்ளைகள் அதைக் கேட்டுச் சொக்கிப்போனார்கள். நான் ஹவுள் கரையில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்பேன். பாதி சரி என்று தோன்றும். பிறகு உள்ளே போய் ஹஜ்ரத் பேசுவதைக் கேட்பேன். அதுவும் பாதி சரி என்று தோன்றும். நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை. எனக்கு அந்த வசதி இருந்தது.

எங்கள் தெருவில் முதலில் அப்படி மாறி வந்தவன் இப்ராஹிம். பூட்டுக் கடை காதர் மைதீனின் தம்பி. அண்ணன் ஜமாஅத் கமிட்டியில் இருந்தவர், கந்தூரிச் செலவுக்கு முன்னால் நிற்கிறவர். தம்பி சவூதியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தான். வந்த அன்று அஸர் தொழுகையில் என் பக்கத்தில்தான் நின்றான். நாங்கள் ஹனஃபி மத்ஹபு வழிக்காரர்கள். தொழுகை தொடங்கும்போது ஒரு முறை கையைக் காது வரை உயர்த்திக் கட்டினால் பிறகு உயர்த்தமாட்டோம். அவன் குனியப் போகும்போது உயர்த்தினான், நிமிர்ந்ததும் உயர்த்தினான். அந்தப் பக்கம் நின்ற பெரியவர் தொழுகையிலேயே அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவன் மறுபடியும் உயர்த்தினான்.

ஸலாம் கொடுத்து முடித்ததும் பெரியவர் கேட்டார்: "ஏலே, ஈ ஓட்டுறியா?"

"நபி தொழுதது இப்படித்தான் பெரியத்தா. ஆதாரம் காட்டவா?"

"ஒங்கத்தாவுக்கு நாந்தேன் தொழச் சொல்லிக் குடுத்தேன். நீ எனக்கு ஆதாரம் காட்டுறியா?"

அன்றிலிருந்து அவனுக்கும் அவனோடு சேர்ந்தவர்களுக்கும் கைதூக்கி என்று பெயராகிவிட்டது. ஒரு கை எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதில் மாமன் மச்சான் உறவு முறிந்தது, நிச்சயம் செய்த கல்யாணம் நின்றது. ஜமாஅத் கூடி அவர்களை நீக்கியது. தீர்மானத்தில் காதர் மைதீனும் கையெழுத்துப் போட்டார். மத்ஹபைப் பின்பற்றாதவர்களுக்கு இங்கே தொழ இடமில்லை என்று பலகை எழுதி, என்னிடம் கொடுத்து மாட்டச் சொன்னார்கள். எங்கே மாட்டச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வாசலில் என்றார்கள். வாசலில்தான் மாட்டினேன், கதவுக்குப் பின்னால் வருகிற சுவரில். கதவு திறந்திருக்கும்போது பலகையைக் கதவு மறைத்துக்கொள்ளும். கதவு சாத்தியிருக்கும்போது தொழ வருகிறவர் யாரும் இருக்கமாட்டார்கள். ஹஜ்ரத் அதைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே போனார்.

ஆனாலும் இப்ராஹிம் வரவில்லை. பலகைக்காக அல்ல. ஹஜ்ரத் தர்காவில் ஃபாத்திஹா ஓதுகிறவர், அவர் அல்லாஹ்வுக்கு இணைவைக்கிறார், அவருக்குப் பின்னால் நின்று தொழுதால் என் தொழுகை கூடாது, செல்லாது என்று சொல்லிவிட்டான். தோல் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தனியாகத் தொழ ஆரம்பித்தார்கள். அவன் பாங்கு சொன்னால் என் காதில் விழும். 'அக்பர்' சரியாகத்தான் சொன்னான்.

ஒரு நாள் நான் கேட்டேன்: "ஹஜ்ரத், உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"நான் மேளத்த நிறுத்தச் சொன்னேன். அவன் மௌலூத நிறுத்தச் சொல்றான். நாளைக்கு அவன் மகன் வந்து எத நிறுத்தச் சொல்லுவானோ," என்றார். பிறகு, "வருத்தந்தேன், மோதினாரே. எம் பின்னாடி நிக்கவே மாட்டேங்கிறானே," என்றார்.

இந்தச் சகோதரர்களுடைய தாயார் ஆமினா பீவி. கீழ் வீட்டில் காதர் மைதீன், மாடியில் இப்ராஹிம், நடுவில் இந்த அம்மா. ஒரு வருடம் பிறை விஷயத்தில் ஊர் இரண்டுபட்டது. நானும் ஹஜ்ரத்தும் பள்ளி மாடியில் நின்று, மலைக்கோட்டைக்கு மேலே கலைந்து கலைந்து ஓடும் மேகத்துக்குள் பிறையைத் தேடினோம். தேடத் தேட வானம் முழுக்கப் பிறையாகத் தெரிந்தது, கண்ணைக் கசக்கினால் ஒன்றுமில்லை. தெரியவில்லை, நாளைக்கும் நோன்பு என்று அறிவித்தேன். சவூதியில் பார்த்தாகிவிட்டது, நாளைக்குப் பெருநாள் என்று இப்ராஹிம் பக்கம் அறிவித்தார்கள்.

மறுநாள் காலையில் அந்த வீட்டு வழியாகப் போனேன். அம்மா சமையல்கட்டு ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்கள். நெய்ச்சோறும் வெஞ்சனமும் மணக்கிறது. அவர்கள் முகம் நோன்பில் வாடியிருக்கிறது.

"பாத்தீங்களா தம்பி. மேல பெருநா, கீழ நோன்பு. எனக்கு அடுப்படி."

"இன்னிக்கு நோன்பு வெச்சிட்டு ஏம்மா இம்புட்டு வேலை?"

"மாடில புள்ளைக புதுச்சட்டை போட்டுட்டு உக்காந்திருக்குகளே, என்ன செய்ய? நாளைக்குக் கீழ இருக்கறதுகளுக்கு ஒருவாட்டி பொங்கணும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "ரெண்டு பேரும் ஒரு தொழுகையில நின்னு எம்புட்டு நாளாச்சு தம்பி. உசுரோட பாப்பேன்னு தோணலை. எம் மையத்துக்கு முன்னாடியாச்சும் ரெண்டு பேரும் ஒரே தக்பீருக்குக் கை கட்டணும். அந்தத் தக்பீர நீங்கதான சொல்லுவீக? மறந்துராதீக."

சொல்கிறேன் அம்மா என்றேன். ஜன்னலடியில் நின்று ஒரு வாக்குக் கொடுப்பது சுலபம்.

சில வருடம் கழித்து ஒரு காலை நேரத்தில் அவர்கள் மவுத்தானார்கள். சேதி சொல்ல மைக் முன்னால் உட்கார்ந்தேன். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் 'இன்னா லில்லாஹி' சொல்ல வேண்டும். பிறகு இன்னாருடைய மனைவி, இன்னின்னாருடைய தாயார் என்று உறவு சொல்லி, கடைசியில்தான் பெயர் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்பதற்குள் வீட்டில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்ளட்டும் என்பதற்காக. முத்தவல்லி வந்து நின்றார்.

"காதர் மைதீன் தாயார்னு மட்டும் சொல்லுங்க. நீக்கினவன் பேரு ஜமாஅத் மைக்குல வரக்கூடாது."

நான் விரலால் மைக்கைத் தட்டிப் பார்த்தேன். "காதர் மைதீன், இப்ராஹிம் ஆகியோரின் தாயாருமான" என்று சொல்லி முடித்தேன். முத்தவல்லி முறைத்தார். பெற்றவளைப் பாதியாக அறிவிக்க எனக்குப் பழக்கமில்லை என்றேன். அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனது எனக்கு நல்லதாகப் போயிற்று.

பெண்கள் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி முடித்தார்கள். சந்தூக்கில் வைத்துத் தூக்கும்போது முன்பக்கம் அண்ணன் தோள் கொடுத்தார், பின்பக்கம் தம்பி. ஆள் மாறி மாறித் தூக்கும்போதும் அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அஸர் முடிந்த வெயில் மஞ்சளாக இருந்தது. மையவாடிக்கு முன்னால் உள்ள பொட்டலில் சந்தூக்கை இறக்கினோம். தோல் ஷாப்பு ஆட்கள், பூட்டுப் பட்டறை ஆட்கள், பிரியாணிக் கடை ஆட்கள் என்று நல்ல கூட்டம். அம்மா எல்லோருக்கும் ஒரு வேளையாவது சோறு போட்டிருப்பார்கள்.

இப்ராஹிம் தன் ஆட்கள் கொஞ்சம் பேரோடு புங்கமரத்தடியில் ஒதுங்கி நின்றான்.

"அவங்க தொழுதுட்டுப் போகட்டும். நாம பொறவு தனியாத் தொழுதுக்குவோம்," என்று அவன் சொல்வது எனக்குக் கேட்டது. அவன் கண் சந்தூக்கின் மேலேயே இருந்தது.

"அதான் சரி. அவன் தொழுகை அவனுக்கு," என்றார் முத்தவல்லி.

ஒரு தாய்க்கு இரண்டு ஜனாஸா தொழுகை. ஹஜ்ரத் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் காதருகில் போய் ஜன்னலில் அம்மா சொன்னதைச் சொன்னேன். ஒரே தக்பீர் என்றேன்.

ஹஜ்ரத் கண்ணாடியைக் கழற்றினார். துண்டு நுனியில் துடைத்தார். கூட்டம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. துடைத்த கண்ணாடியை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு புங்கமரத்தை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"சாப்ட்டியா அப்பு?" என்று இப்ராஹிமைக் கேட்டார்.

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"நீ எம் பின்னாடி நிக்கமாட்ட. சரி. ஒனக்கு அது கூடாது. நான் ஒம் பின்னாடி நின்னா?"

அவன் கேசட்டில் இந்தக் கேள்வி இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"ஒங்கம்மாவுக்கு நீ தொழவை. மூத்தவன் சம்மதிக்கணும், உரிமை அவனோடது," என்று சொல்லிவிட்டு ஹஜ்ரத் காதர் மைதீனைக் கூப்பிட்டார்.

காதர் மைதீன் வந்தார். முத்தவல்லியும் கூடவே வந்து, "நீக்கினவன் பின்னாடி ஜமாஅத் நிக்கிறதா? அப்பறம் கையெழுத்துப் போட்டதுக்கு என்ன அர்த்தம் காதரு?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. காதர் மைதீன் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சந்தூக்கைப் பார்த்தார். மேலே பருந்து ஒன்று சுற்றியது, அதன் நிழல் பொட்டலில் சுற்றியது.

"அவன் தொழவைக்கட்டும்," என்றார். "அம்மாவுக்கு அவந்தேன் செல்லம்."

ஹஜ்ரத் என்னைப் பார்த்தார். "மோதினாரே, வரிசைய நேராக்கச் சொல்லுங்க."

சொன்னேன். சிலர் நகரவில்லை. ஹஜ்ரத் முதல் வரிசையில் போய் நின்று தோளோடு தோள் சேர்த்துக்கொள்ளக் கையை நீட்டினார். அவர் நின்ற பிறகு நிற்காமல் இருக்க ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியாக முத்தவல்லியும் வந்து நின்றார், முனகிக்கொண்டே. எனக்கு ஒரு பக்கம் ஹஜ்ரத், மறு பக்கம் காதர் மைதீன். முன்னால் சந்தூக்குக்கு அருகே இப்ராஹிமின் முதுகு. எனக்குப் பழக்கமில்லாத முதுகு.

ஜனாஸா தொழுகையில் குனிவது இல்லை, நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூது இல்லை. நின்றபடியே தக்பீர்கள். நடுவில் மனதுக்குள் ஓதுவது, கடைசியில் ஸலாம். எங்கள் வழியில் முதல் தக்பீருக்கு மட்டும் கையை உயர்த்திக் கட்டுவோம். பிறகு கட்டின கை கட்டினபடி இருக்கும். அதனால் இமாமின் முதுகைப் பார்த்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. குரல் ஒன்றுதான் வழி.

முதல் தக்பீரை அவன் தெளிவாகச் சொன்னான். நான் வாங்கிச் சொன்னேன். பொட்டல் முழுக்கக் கைகள் உயர்ந்து கட்டிக்கொண்ட சரசரப்பு கேட்டது. என் பக்கத்தில் காதர் மைதீன் கை கட்டினார். முன்னால் அவர் தம்பி கை கட்டியிருந்தான். அம்மா, இதுதான் அது என்று மனதுக்குள் சொன்னேன். இரண்டாவது தக்பீர் கம்மிப்போய் வந்தது. அதையும் வாங்கிச் சொன்னேன்.

மூன்றாவது வரவில்லை.

காத்திருந்தேன். தோள் குலுங்குவது தெரிந்தது. சட்டை முதுகில் வியர்வை படர்ந்தது. இருமுகிறானா, ஓதுகிறானா, அழுகிறானா? அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் முந்தக் கூடாது. முந்தினால் அத்தனை பேர் தொழுகையும் போகும், அம்மாவுடைய தொழுகையும் போகும், நீக்கினவன் பின்னால் நின்றதால்தான் கெட்டது என்று ஊர் காலமெல்லாம் பேசும். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஹஜ்ரத் அசையவில்லை. அந்தத் தோள் இறங்கினால் எனக்குப் புரியும், இந்தத் தோள் எனக்குப் புரியவில்லை. ஆட்டுக்குட்டி ஒன்று எங்கோ கத்தியது. நாங்கள் எல்லோரும் தண்ணீருக்கடியில் நிற்பது போல, எந்தச் சத்தமும் தூரத்திலிருந்தே வந்தது.

அப்போது அவன் கைகள் உயர்ந்தன.

காது வரை உயர்ந்தன, பிறகு மார்புக்கு இறங்கின. அவன் படித்த வழியில் ஒவ்வொரு தக்பீருக்கும் உயர்த்த வேண்டும். அவன் சொல்லிவிட்டான். குரல்தான் வெளியே வரவில்லை. "அல்லாஹு அக்பர்," என்று நான் அவனுக்காக உரக்கச் சொன்னேன். 'ப'வை இழுக்காமல் சொன்னேன். மூன்றாவதற்குப் பிறகு மையத்துக்காக துஆ கேட்க வேண்டும். அவன் நெடுநேரம் கேட்டான். மறுபடி கைகள் உயர்ந்தன, மறுபடி நான் சொன்னேன். பிறகு அவன் முகம் வலது பக்கம் திரும்பியது, ஈரமான கன்னம் தெரிந்தது. ஸலாம் சொன்னேன். தொழுகை முடிந்தது.

அதன் பிறகு அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள், ஊர் ஒன்றானது என்று எழுதினால் பொய். மண் தள்ளி முடித்ததும் நாங்கள் ஃபாத்திஹா ஓதினோம். இப்ராஹிம் அதில் சேராமல் தலை குனிந்து நின்றான், ஆனால் போய்விடவில்லை. மூன்றாம் நாள் ஃபாத்திஹாவைக் கீழ் வீட்டில் ஓதினார்கள், அவன் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டான். அடுத்த பெருநாளும் அந்த வீட்டில் இரண்டு நாள்தான் வந்தது.

மையவாடியிலிருந்து திரும்பும்போது ஹஜ்ரத் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முதல் வேலையாக அந்தப் பெரியவர், ஈ ஓட்டுகிறாயா என்று கேட்டவர், ஓடிவந்து கேட்டார்: "என்ன ஹஜ்ரத், ஒவ்வொன்னுக்கும் கையத் தூக்குறான். தொழுகை கூடுமா?"

ஹஜ்ரத் இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. "அவன் கையத் தூக்கலைன்னா நாம எல்லாரும் இன்னும் அங்கயேல்ல நின்னுக்கிட்டிருப்போம்," என்றார். பெரியவர் யோசித்துக்கொண்டே பின்தங்கிவிட்டார். அதற்கப்புறம் எங்கள் பள்ளியில் யாரும் யார் கையையும் பிடித்து இழுத்ததை நான் பார்க்கவில்லை. பலகை கதவுக்குப் பின்னாலேயே கரையான் அரித்து விழுந்தது. பெருக்கி அள்ளியதும் நான்தான்.

ஹஜ்ரத் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. போன ரமளானில் இப்ராஹிம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். அவனுக்கும் தாடி வெளுத்துவிட்டது. "மாமு, எம் மகன் வேற ஒரு கூட்டத்துல சேந்துட்டான். என் தொழுகையே சரியில்லைங்கிறான். ஆதாரம் காட்டவாங்கிறான்," என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"நோன்பு தெறந்து சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். என் வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

ஒட்டன்சத்திரத்துத் தம்பிக்கு என் பதில் இதுதான். மைக் நின்றுபோனால் பயப்படாதீர்கள். முந்தாதீர்கள். முன்னால் நிற்கிறவரின் கையைப் பாருங்கள்.

சுபுஹுக்கு முந்தைய அந்த அரைத் தூக்கத்தில் எனக்கு அடிக்கடி அந்தப் பொட்டல் வருகிறது. வெயில் மஞ்சளாகவே இருக்கிறது. ஒரு பக்கம் ஹஜ்ரத், மறு பக்கம் காதர் மைதீன், முன்னால் இப்ராஹிம், அவனுக்கு முன்னால் அம்மா. எல்லோரும் கை கட்டி நிற்கிறோம். கனவில் அந்தக் கை உயர்வதேயில்லை. எனக்கும் அவசரமில்லை.